விசா வந்த பிறகு காய்ச்சிய பால்

சுவிஸில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டு வாசலில் கடிதப்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. மற்றவர்களின் பெயர்கள் உலோகத் தகட்டில் பொறித்தவை. எங்கள் பெயர் மட்டும் கடதாசியில் எழுதி ஒட்டியது. மழைக்கு மை கரையும், திரும்ப எழுதுவேன். தகடு போட வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் மனம் வரவில்லை. இருந்தது தற்காலிக விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. எங்கள் ஊர் ஒட்டுசுட்டானில் அம்மா காலமானபோது செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தேன்.

அந்த விசாவோடு இருந்தவரைக்கும் என் மனைவி சாந்தி இந்த வீட்டில் பால் காய்ச்சவில்லை. குடிபுகும் வீட்டில் பால் பொங்க விடுவது எங்கள் வழக்கம். கேட்டால், "நாளைக்குப் போ எண்டாப் போகவேண்டிய வீட்டில என்னத்துக்கப்பா பால் பொங்கிறது?" என்பாள். பிள்ளையார் படத்தைக்கூட ஆணியில் மாட்டாமல் அலுமாரிக்கு மேலே சாத்தி வைத்திருந்தாள். எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருவா. சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன இடமெல்லாம், தறப்பாள் கூடாரம் கட்டியவுடன் மூன்று கல் வைத்து, பால்மாவையாவது கரைத்துக் காய்ச்சிவிடுவா. அடுத்த கிழமையே அந்த இடத்தை விட்டு ஓடியும் இருக்கிறோம்.

இந்த வருடம் எங்களுக்கு நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தது. அப்பாவுக்குத்தான் முதலில் சொன்னேன். அவர் குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்துக்குக் கொடுத்த பெர்மிற் காணி எடுத்து, கிணறு வெட்டி, வயல் செய்தே கிழவனானவர். காணி அவருக்கே சொந்தம் என்கிற உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை.

"எனக்கு உறுதி வர முந்தி உனக்கு வந்திட்டுது. கெட்டிக்காரன்ரா நீ!" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, விளக்கேற்றி, சாந்தி பாலை அடுப்பில் வைத்தாள். கீழ்வீட்டு ஹூபர் அம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். அப்பா தொலைபேசித் திரைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால் நுரைத்து விளிம்புக்கு வந்ததும் ஹூபர் அம்மா "மில்ஹ்! மில்ஹ்!" என்று, பால் பால் என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு பாய்ந்து, பானையைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டா. வீட்டைக் காப்பாற்றிவிட்ட சந்தோசம் அவவின் முகத்தில். சாந்தியின் கண் கலங்கிவிட்டது.

"ஆரடா அது, குறுக்கால போனது?" என்று அப்பா சத்தம் போட்டார்.

பால் வெளியே வழியத்தான் வேண்டும், அது கடவுளுக்கு என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஹூபர் அம்மா யோசித்தா.

"சரி. அடுப்பை யார் துடைப்பது? கடவுளா?"

சாந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பானையைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். இந்தமுறை பால் பொங்கி வழிந்து, கண்ணாடி அடுப்பில் சுர்ரென்று கருகியது. கையெடுத்துக் கும்பிட்டோம்.

"எந்தப் பக்கம் பிள்ளை பொங்கினது?" என்று அப்பா கேட்டார்.

"கிழக்காலதான் மாமா. நல்ல சகுனம். இனி இதுதான் எங்கட வீடு."

அப்பா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "அங்கயிருந்து கிழக்கெண்டா, அது எங்கட பக்கமெல்லோ?" என்றார்.

ஹூபர் அம்மா துணியோடு வந்தா. "கொஞ்சம் இருக்கட்டும்" என்று சாந்தி அவவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.