அமாவாசை அடுப்பு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, எங்களுக்கு எட்டு சென்ட் இடம். வீடு போக மிச்ச இடத்தில் ஒரு மழைநீர்த் தொட்டி, ஆறு கோழிகள், ஒரு கொய்யா மரம், நானே செய்த கேஸ் டேங்க் ஒன்று. கொய்யாவை எங்களுக்காகத்தான் நட்டேன். குரங்குகளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் ஆரம்பித்தது இயற்கை மேல் இருந்த ஆசையால் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோபத்தால் ஆரம்பித்தேன்.

நான்கு வருடம் முன்பு, அரசுப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலையில் இருந்தேன். மகளைப் பெண் பார்க்க வந்த காலையில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் தீர்ந்தது. பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது. என் கணவருடைய அண்ணன் மனைவி. ஓடினேன். அவர் சமையலறை மூலையில் குழாய் மாட்டாத சிலிண்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, அத குடுங்க. சாயங்காலம் வேற கொண்டாந்து வெச்சிடறேன்."

அவர் சிலிண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார்.

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. கேசரியை எதிர்வீட்டில் கிண்டினேன். சம்பந்தம் கூடிவந்து, மகள் இப்போது கீழ்பென்னாத்தூரில் நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த 'இல்லம்மா' என் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் அவர் பின்பக்கம் விறகு வைத்துச் சமைப்பதைச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். சிலிண்டரை மூலையில் அழகுக்கு நிறுத்திவிட்டு விறகில் சமைக்கும் கஞ்சத்தனத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. இனி எதற்காகவும் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். குறிப்பாக அந்த வாசலில்.

ஓய்வு பெற்ற மறுவாரமே வேலையைத் தொடங்கினேன். வீட்டுக் கழிவிலிருந்து கேஸ் எடுப்பது ரொம்ப சுலபம், இரண்டு நாள் போதும் என்று யூடியூபில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்றில் மேலே கழிவு போட ஒரு குழாய், பக்கத்தில் கரைசல் வெளியேற ஒரு குழாய். வருகிற கேஸைப் பிடித்து வைக்க லாரி டியூப். டியூபின் மேல் கல்லை வைத்து அழுத்தினால் கேஸ் அடுப்புக்குப் போகும். முதல் டியூப் வெடித்தபோது கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை.

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தடுக்கமாட்டார், எதற்கும் கை கொடுக்கவும் மாட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். "நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்பதுதான் அந்த ஏழு மாதத்தில் அவர் சொன்ன ஒரே ஆலோசனை.

பிரச்சினை என்னவென்றால், நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் வீட்டுக் கழிவு ஒரு டீ போடத்தான் காணும். அப்போதுதான் எனக்குப் பௌர்ணமி நினைவுக்கு வந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பாதை ஓரம் அன்னதானப் பந்தல்களில் மிஞ்சிய சாம்பார் சாதமும் பொங்கலும் அண்டா அண்டாவாகக் கிடக்கும். ஸ்கூட்டரில் நாலு நடை அடித்து ஏற்றி வந்து, நாலைந்து நாளில் டேங்க்குக்கு ஊட்டினேன். அடுத்த வாரம் அடுப்பில் நீலமாகத் தீ எரிந்தது. அன்று நான் அழுதேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு தலைகால் புரியவில்லை. சிலிண்டரையும் கரண்ட் அடுப்பையும் மகள் வீட்டுக்கு ஏற்றி அனுப்பினேன். பழைய விறகு அடுப்பின் செங்கல் ஏற்கெனவே டேங்க்குக்கு அடியில் போயிருந்தது. ஒரு வளைகாப்பில், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "இந்த வருஷம் நோன்பு அதிரசமே எங்க வீட்டு கேஸ்லதான்."

எங்கள் பக்கம் தீபாவளியை ஒட்டி நோன்பு. இருபத்தோரு அதிரசம் அந்த நோன்பு உள்ள வீட்டு அடுப்பிலேயே சுட்டு, முறத்தில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கடை அதிரசம் ஆகாது. ஒரு வருடம் விட்டால் விட்டதுதான். மறுபடி தொடங்க, நோன்பு விடாமல் வைத்திருக்கும் வீட்டிலிருந்து யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் நோன்பு மாமியார் வழியில் வந்தது. அதை எடுத்துக் கொடுக்கக் கூடியவர் ஊரில் ஒருவர்தான். அவர் வாசலைத்தான் நான் மிதிப்பதில்லை.

பௌர்ணமி முடிந்து பத்து நாள் கேஸ் நன்றாக வரும், பிறகு இறங்கும் என்பதை ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நோன்பு அமாவாசையில் வரும் என்பதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க மட்டும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு டியூப் தொளதொளத்தது. கேஸைச் சேர்த்து வைக்க அடுப்பையே பற்றவைக்காமல், கடை இட்லி வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டோம். நோன்பன்று காலை மாவு தயாராக இருந்தது. வாணலியில் எண்ணெய் ஊற்றினேன். தீ மிளகு அளவு எரிந்தது. டியூபின் மேல் இருந்த கல்லோடு இன்னும் நாலு கல் ஏற்றினேன். அம்மிக்கல்லை ஏற்றினேன். கடைசியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கணவரை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். தீ அரை விரல் உயர்ந்தது.

"இன்னிக்கு அமாவாச" என்றார், டியூபின் மேலிருந்து.

"அதனாலதான் நோன்பு."

"பௌர்ணமி சோறு தீந்து எத்தினி நாளாச்சு. கேஸ் கம்மியாத்தான் வரும்."

"இத முன்னாடியே சொன்னா என்னா?"

"நீ கேக்கலியே."

முதல் அதிரசம் எண்ணெயில் முங்கியது, மேலே வரவில்லை. எண்ணெயைக் குடித்துக் கரைந்து கசடானது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் போடும்போது தீ அணைந்தது. எனக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தன. நாலு மணிக்குள் முறம் கோயிலில் இருக்க வேண்டும். இன்று போகாவிட்டால் அடுத்த வருடம் அவரிடமே போய், நோன்பு எடுத்துக் கொடுங்கள் என்று நிற்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்த வாசல்தான். மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா சமையலறையில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய இருபத்தொன்றும் தாம்பாளத்தில் அடுக்கியாகிவிட்டது. ஆனால் வாணலி இறங்கவில்லை.

"வா. எண்ண காஞ்சிதான் இருக்கு" என்றார், திரும்பாமலேயே.

"உங்களுது முடிஞ்சிடுச்சே அக்கா."

"மூணு நாளா உன் வீட்டுக்காரரு இட்லி பொட்டலத்த தூக்கினு போறாரு. பாத்துக்கினுதான இருக்கேன்."

நான் வாழையிலையில் தட்டிக் கொடுத்தேன். அவர் போட்டு எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடித்தார். பத்து அதிரசம் ஆனது. என் கண் அந்த மூலைக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது அங்கே அரிசி டின் இருந்தது.

"அன்னிக்கு அங்க ஒரு சிலிண்டர் நின்னுச்சே அக்கா."

"நின்னுச்சு."

"ஒருநாளைக்கு குடுத்திருக்கலாம்ல."

அதிரசத்தைத் திருப்பிப் போட்டார். "காலி" என்றார்.

அடுத்ததைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "காலின்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவருக்கு வேல போயி ரெண்டு மாசம் அப்போ. யாருக்கும் சொல்லல. காலின்னா, ஏன் ரொப்பலன்னு கேப்ப. நீ மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறவ. உங்கிட்ட வந்து நிக்கறதான்னு இருந்துச்சு."

சுவருக்கு மேலாக நான் பார்த்த விறகுப் புகை நினைவுக்கு வந்தது. என் காது இரண்டும் சுட்டன. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"மாவத் தட்டு. எண்ண பொகையுது" என்றார் அக்கா.

இருபத்தொன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கணவர் இன்னும் டியூபின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்ல நான்தான் மறந்துபோயிருந்தேன்.

"அந்த சிலிண்டரு காலியாம். உங்க அண்ணனுக்கு அப்போ வேல போயிருந்துச்சாம்" என்றேன்.

அவர் எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் அண்ணன் வீட்டுக்குப் போனார். டியூப் அவர் உட்கார்ந்த இடத்தில் குழிந்தே கிடந்தது.