நான் அடைத்த சாய்வுத் துவாரம்

அந்தத் துவாரத்தை அடைக்கச் சொன்னது நான். பழியை மேஸ்திரி ஞானமுத்துவின் மேல் போட்டதும் நான்தான்.

டெல்லியில் மராமத்துப் பிரிவில் இன்ஜினியராக இருந்தபோது ஒரு பழைய சர்ச் எங்கள் பொறுப்புக்கு வந்தது. ஆங்கிலேயர் ஒருவர் தன் ஊர்ச் சர்ச்சின் சாயலில் கட்டியது. சதுரக் கோபுரம், கூர்முனை வளைவுகள், வெளியே முட்டுச்சுவர்கள். பலிபீடத்தை ஒட்டிய கனத்த சுவரில் சாய்வாக ஒரு துவாரம் இருந்தது. பழைய பிளானில் அந்த இடத்தில் ‘ஸ்க்விண்ட்’ என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஸ்க்விண்ட் மாறுகண்தான். சுவர் கோணலானதை யாரோ குறித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். தங்கப் பதக்கம் வாங்கியவன், அகராதியைப் புரட்டவில்லை.

ஞானமுத்து விழுப்புரத்துக்காரர். அதே சர்ச்சுக்குப் போகிறவர்.

“சார், இத்த அடைக்காதீங்க. ஓரத்துல இருக்கறவங்களுக்குப் பீடம் தெரியறதுக்கு வச்சது. எங்க வூட்டுக்காரி எஸ்தருக்கு நடக்க வராது. சக்கர நாற்காலிய அங்கதான் போடறோம்.”

“நீ இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?”

“நீங்கதான் சார். ஆனா ஞாயித்துக்கெழம வர்றது நான்தான?”

வேலையாட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே, அவர் கையாலேயே செங்கல் வைத்து சிமெண்ட் பூச வைத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

சபையார் புகார் கொடுத்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்.

“யார் சொல்லி அடைச்சான்?”

“அவனாவே அடைச்சுட்டான் சார்.”

அதோடு ஞானமுத்துவுக்கு எங்கள் பிரிவில் வேலை இல்லை. துவாரத்தைத் திறக்கவும் யாரும் அக்கறைப்படவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, லோதி ரோடு பக்கம் ஒரு நூலகத்தில், இங்கிலாந்தின் இடைக்காலக் கிராமச் சர்ச்சுகளைப் பற்றிய புத்தகம் கிடைத்தது. ஒரு படத்தில் அதே சாய்வுத் துவாரம். ஓரத்தில் இருப்பவர்கள் பீடத்தைப் பார்ப்பதற்காக விட்டது, பெயர் ஸ்க்விண்ட். அந்தக் காலத்துக் கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. ஞானமுத்துவுக்கும் தெரிந்திருந்தது. படித்த முட்டாள் நான் ஒருவன்தான். அன்று என் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நடந்ததை எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவர் சிரித்தார்.

“சோடியே சார், விட்டுத் தள்ளுங்க. ரிட்டயர் ஆயிட்டீங்க, ஆராமா இருங்க.”

“ஒருத்தன் பொழப்ப கெடுத்திருக்கேன்யா!” என்று கத்திவிட்டு வந்தேன்.

போதகரிடம் அனுமதி கேட்டு, அதே கடிதத்தைச் சபையின் முன் வாசித்தேன். கடைசி வரிசையில் ஞானமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் சொன்னார்:

“அடைச்சது என் கை. நானே உடைக்கறேன். நீங்க கல்ல வாரிக் கொட்டுங்க.”

வாரிக் கொட்டினேன். முடிந்ததும் டீ வாங்கித் தரட்டுமா என்றேன். “வேணாம் சார்” என்று உளியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குமுன் பீடத்தின் பக்கம் போய்த் துவாரத்தில் குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் எஸ்தரின் முகம். ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“மறைக்கறீங்க சார். நவுருங்க.”

நகர்ந்துகொண்டேன்.