அரை ஷட்டர்

மூஞ்சிப் பெட்டியைக் கையில் வாங்கியதும் சத்தியநேசன் முதலில் அதை மோந்து பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கைக்குட்டையை எடுத்து, நெற்றியில் படும் ரப்பர் விளிம்பை மூன்று தடவை துடைப்பார். "வேற ஆளுக்க எண்ணெ மணம்" என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். கைக்குட்டை மறுபடி நாலாக மடிந்து பைக்குள் போன பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அதுவரை மனநலக் கவுன்சிலர் பிந்து கையில் பேனாவோடு எதிரே காத்திருப்பாள். துடைக்காத சாமானைக் கொடுத்தும் வாங்கியும் அவருக்குப் பழக்கமில்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

மூஞ்சிப் பெட்டி என்பது அவர் வைத்த பெயர். குடிமறப்பு மையத்தில் அதற்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. பின்பக்கம் தடித்த வயர் தொங்கும். உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்னத் திரைகள். மாட்டிக்கொண்டால் எதிர்ச் சுவர் மறைந்து ஒரு மதுக்கடை வந்துவிடும். தலையைத் திருப்பினால் கடையும் திரும்பும், அரை நொடி தாமதமாக. குடியை விடப் பார்க்கிறவர்களை அந்தப் பொய்க் கடையில் உட்கார வைத்து, குப்பியைக் காட்டி, ஆசை எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். ஆசை வந்தும் குடிக்காமல் எழுந்து போகப் பழகினால், நிஜக் கடையிலும் எழுந்து போகலாம் என்பது டாக்டரின் நம்பிக்கை. 2008ஆம் வருஷம், திருவனந்தபுரம் குமாரபுரத்தில் ஒரு மாடியில் இது நடந்தது. கம்ப்யூட்டர் வேலை ஷிபினுடையது. டெக்னோபார்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு இதற்கென்றே வந்தவன்.

சத்தியநேசனுக்கு நாற்பத்தெட்டு வயது. பாறசாலைக்காரர், ஞாயிறு ஆராதனைக்குச் சபையில் தவறாமல் முன்வரிசை. சாலை என்கிற கடைத்தெருவில் தாணுலிங்கத்தின் இரும்புக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். நிற்கிறார் என்றால் நிஜமாகவே நிற்கிறார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆணிப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் கால் கிலோ. தராசில் போட்டுப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம், ஓர் ஆணி கூடவோ குறையவோ செய்யாது. எந்தத் தட்டில் எந்தக் கீல், எந்தத் தாழ்ப்பாள் என்று கண்ணால் தேட வேண்டியதில்லை. வாய் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய்ச் சாமானை எடுத்து வந்துவிடும். "எனக்க கைக்குத் தனியா ஒரு கண்ணு உண்டு" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

அந்தக் கைதான் அவரைக் கெடுத்தது. மத்தியானம் ஒன்றரைக்கு முதலாளி கரமனை வீட்டுக்குச் சாப்பிடப் போவார். மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள். தூக்குவாளியோடு தங்குகிறவர் சத்தியநேசன் ஒருவர்தான். ஆள் வராமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்குவார். கடை அரையிருட்டாகும், முழங்கால் உயரத்துக்கு வெளியே வெயிலும் போகிற வருகிற கால்களும் மட்டும் தெரியும். மூன்றாவது தட்டில், யாரும் கேட்காத பச்சை இனாமல் பெயின்ட் டின்கள் இரண்டுக்குப் பின்னால் குப்பி இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நின்றபடியே இரண்டு மடக்கு. அதற்குப் பிறகு சோறு. டர்பன்டைன் நாற்றமடிக்கிற கடையில் இந்த வாசனையை யார் பிரித்தறிவது? பதினோரு வருஷம் அப்படிப் போயிற்று. இரண்டு மடக்கு ஒரு டம்ளராகி, ஒரு டம்ளர் முழுக் குப்பியாகி, ஒருநாள் மூன்று மணிக்குச் சங்கிலிச் சுருள் எடுக்க ஏணியில் ஏறியவர் சுருளோடு கீழே வந்தார். ஆஸ்பத்திரியில் ஈரலைப் பார்த்த டாக்டர், இனி ஒரு தடவை குடித்தால் என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று மனைவி ரத்னாபாயிடம் சொல்லிவிட்டார்.

தாணுலிங்கம் நல்ல மனுஷர். ஆளை மாற்றவில்லை, நாலு மாசம் காத்திருந்தார். ஆனால் கறாராகவும் சொன்னார்: "டாக்டரு கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒண்ணு கொண்டு வாரும் ஓய். ஒண்ணாந்தேதி கடையில நில்லும். இல்லேன்னா எனக்கு வேற ஆளு பாக்கணும், பாத்துக்கிடும்." மையத்தின் விதியோ, ஆறு தடவை பெட்டியை மாட்டி ஆறு தடவையும் எண் மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால் கடிதம்.

முதல் தடவை சத்தியநேசன் "சைபர்" என்றார். இரண்டாவது தடவையும் சைபர். பிந்துவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கழற்றும்போது பேச்சுவாக்கில், "கவுண்டரில் நின்ன ஆள்டெ ஷர்ட்டு எந்து கலர், சேட்டா?" என்று கேட்டாள். அவர் விழித்தார். விசாரித்ததில், பெட்டிக்குள் மனுஷர் இரண்டு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பலிபீடத்துக்கு முன்ன முட்டுக்கால்ல நின்னு சொல்லியாச்சு மேடம், இனி அதைக் கண்ணால பாக்க மாட்டேன்னு. சபை முழுக்கக் கேட்டாச்சு. அந்த வாக்கை என்ன செய்ய?"

வெளியே பெஞ்சில் இருந்த ரத்னாபாயை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் பெட்டியை வாங்கித் தன் முகத்தில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "இது குப்பி இல்ல, குப்பிக்க படம். படத்துக்கு வாக்கு கிடையாது. கண்ணத் தொறந்து பாருங்க."

திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது சீமைக் கடை. உயரமான முக்காலிகள், கோட்டுப் போட்ட ஆண்கள், ஊற்றித் தருகிற வெள்ளைக்கார மதாம்மா, ஜன்னலுக்கு வெளியே பனி. "இந்தத் துரைமாருக்க எடத்துல எனக்கு என்ன சோலி? நாலு பேரு பாப்பானுவ" என்று கூச்சப்பட்டார். சைபர். ஷிபினுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் கண்விழித்து, ஊறுகாய்த் தட்டும் அவித்த முட்டையும் புகையுமாக நம்மூர் பார் ஒன்றைச் செய்து வைத்தான். சத்தியநேசன் அதையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பொருட்காட்சிக்கு வந்தவர் மாதிரி. நாலாவது சைபர்.

பொய் சொல்லவில்லை, அவர் வாழ்நாளில் பாருக்குள் கால் வைத்ததில்லை. பொய் சொன்னது வேறு இடத்தில். சேர்ந்த அன்று நிரப்பிய தாளில் 'எங்கே குடிப்பது வழக்கம்' என்று ஒரு கேள்வி இருந்தது. வேலை செய்யும் இடம் என்று எழுதினால் முதலாளியின் கடைக்குக் கெட்ட பெயர் வருமே என்று, 'பார்' என்பதற்கு நேரே கோடு போட்டுவிட்டார். உப்பிட்டவருக்குச் செய்த மரியாதை. அந்தக் கோட்டை நம்பித்தான் டாக்டரும் பிந்துவும் ஷிபினும் இத்தனை பாடுபட்டார்கள்.

ஐந்தாவது தடவை கரண்ட் போய்விட்டது. பதினொரு மணிக்கு உட்கார வேண்டியவர் ஒன்றே காலுக்குத்தான் உட்கார்ந்தார். ஊறுகாய்த் தட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருவின் எதிர்ப்பக்கம் போட்டோஸ்டாட் கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கினார். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தியநேசனுக்கு வாயெல்லாம் நீர் ஊறிவிட்டது. பிடரி வியர்த்தது. நாக்கின் அடியில் அந்தச் சுவை, நேற்றுக் குடித்த மாதிரி. குப்பியும் தட்டும் கண்முன்னால் இருக்க, அவற்றின் பக்கம் மனம் திரும்பவே இல்லை. அது சாலைக் கடைக்குப் போய், மூன்றாவது தட்டுக்கு முன்னால் நின்றது.

"எத்தர, சேட்டா?"

"சைபர்" என்றார். பிந்து எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றாந்தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. ரத்னாபாய் டிரங்குப் பெட்டியிலிருந்து கடைச் சட்டைகளை எடுத்து நீலம் போட்டுத் தேய்த்து அடுக்கினாள். ஒவ்வொரு சட்டைக்கும் "ஸ்தோத்திரம்" சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இவளிடம் எப்படிச் சொல்வது? ஒன்றரை மணி என்றாலே பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றே கால் ஆனதும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக்கொள்வார். பஸ் விதுராவுக்குப் போகிறதா வேறெங்காவது போகிறதா என்று பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குள் இரும்பு ஷட்டர் கிடையாது, அது போதும். ஒருநாள் மட்டும் துணிந்து பழவங்காடியில் இறங்கி, பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நின்று சாலைப் பக்கம் பார்த்தார். விடலைத் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. சாலைக்குள் போக இருநூறு அடிகூட இல்லை. கால் நகரவில்லை. ஆனால் வலது கை தொடையோரம் விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். உடனே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் அழைக்காமலே மையத்துக்குப் போனார். பிந்துவின் மேஜைமேல் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. ஆறாவது தடவையும் கையெழுத்தும்தான் பாக்கி.

"மேடம், அந்தத் தாள்ல நான் கள்ளக்கோடு போட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அரை ஷட்டர், முழங்கால் உயரத்து வெயில், பச்சை டின். சொல்லும்போது ஒரு தடவைகூட முதலாளியின் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு கடை" என்றே சொன்னார்.

ஷிபின் அன்றே சாலைக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் கெஞ்சி, ஷட்டர் இறங்கும் சத்தத்தைச் செல்போனில் பிடித்து வந்தான். படத்துக்கு அதிகம் வேலையில்லை. இருட்டும், கீழே ஒரு பட்டை வெளிச்சமும், அதில் நடந்து போகும் கால்களும்தான்.

ஆறாவது தடவை ரத்னாபாயும் உள்ளே வந்து கதவோரம் நின்றாள். விஷயத்தை அன்று காலைதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

"நோக்கு சேட்டா, நம்பர் கூடினா லெட்டர் கிட்டில்ல, கேட்டோ. எனக்கு எழுதாம இருக்க முடியாது" என்றாள் பிந்து.

"தெரியும் மேடம்."

பெட்டியை மோந்து பார்த்தார். மூன்று தடவை துடைத்தார். கைக்குட்டையை நாலாக மடித்து வைத்தார். கடைச் சட்டை போட்டிருந்தார். ஷிபின் வாரை இறுக்கி, காதில் ஹெட்போனை வைத்து, பொத்தானை அழுத்தினான். கரகரவென்று இறங்கிப் பாதியில் நிற்கும் சத்தம் வெளியே இருந்தவர்களுக்கும் மெல்லக் கேட்டது.

"எத்தர?"

சத்தியநேசன் எழுந்து நின்றார். வலது கை தன்பாட்டில் உயர்ந்து, இடப்பக்கமாய், தலைமட்டத்துக்குப் போயிற்று. வெறும் காற்றில் புறங்கையால் ஒரு டின்னை நகர்த்தியது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டு அடுத்த டின்னையும் நகர்த்தியது. பிறகு விரல்கள் உள்ளே போய், எதையோ கழுத்தோடு பிடித்த மாதிரி வளைந்தன. கதவோரம் ரத்னாபாய் அந்தக் கையையே பார்த்தாள்.

அப்போது இடது கை எழுந்து வந்து வலது மணிக்கட்டைப் பற்றியது.

"ஒம்பது" என்றார். "எழுதிக்கிடுங்க மேடம்."

பிந்து எழுதினாள். ஷிபின் வாரை அவிழ்த்துப் பெட்டியைக் கழற்றினான். முகத்தில் பகல் வெளிச்சம் விழுந்த பிறகும் சத்தியநேசன் அங்கேயே நின்றார், இடது கையால் வலது கையை இறுகப் பிடித்தபடி.