ஆட்டு நரம்பு வயலின்

ரஜனி அக்கா காலமான செய்தி, வீட்டாரின் அழைப்பு வருமுன்பே சுவரொட்டியாக என்னிடம் வந்துவிட்டது. போன வாரம் ஒரு காலையில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் என் சாப்பாட்டுக் கடையைத் திறக்கப் போனேன். பக்கத்துக் கடைக் கண்ணாடியில் அக்காவின் படம். "எமது இனத்தின் இசைச் சொத்து" என்று போட்டிருந்தார்கள். கீழே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பெயர், அக்காவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாகப் பிரான்சுக்கு வந்து, ஓல்னேயில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர். ஐரோப்பாவின் முந்நூறு ஆண்டுப் பழைய இசையை அந்தக் காலத்து முறையிலேயே வாசித்தார். அவருடைய வயலினில் இரும்புக் கம்பி கிடையாது. ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்புதான். "கம்பி கத்தும், நரம்பு கதைக்கும்" என்பார். எங்கள் சனமோ, "கலியாண வீட்டிலை சினிமாப் பாட்டு வாசிப்பீங்களோ?" என்றுதான் கேட்கும். சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

2009இல் வன்னியில் நடந்த கடைசிப் போரில் அவருடைய ஒரே தம்பி இறந்துபோனான். உடலும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நினைவுநாளில், சங்க மண்டபத்தில் ஒரு பழைய புலம்பல் இசையை வாசிக்க அக்கா தலைவரிடம் அனுமதி கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அவனைத் தெரிஞ்ச சனத்துக்கு முன்னாலை ஒருக்கா அழவேணும், அண்ணை. அவ்வளவுதான்."

சங்கத் தலைவர் மாட்டேனென்று தலையாட்டினார். "விளக்கேத்தின மேடையிலை ஆட்டுக்குடலை ஏத்தேலாது, பிள்ளை. தீட்டு."

"அப்ப மிருதங்கத்தை என்ன, வாழையிலையாலையோ கட்டினது?" என்றார் அக்கா.

அன்று மத்தியானம் அதே தலைவர் என் கடையில் ஆட்டுக்கொத்து ரொட்டி சாப்பிட்டார். எலும்பையும் விடவில்லை, மனுசன்.

அந்தப் புலம்பலை அக்கா ஒரு தேவாலயத்தில் வாசித்தார். எங்கள் ஆட்களுக்கென்று முன்வரிசையை ஒதுக்கி, கடை கடையாகப் போய்ச் சொல்லியும் வந்திருந்தார். அந்த வரிசையில் நான் ஒருவன்தான் இருந்தேன். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அக்கா சங்கத்திடம் எதுவும் கேட்கவில்லை.

நேற்று இறுதிச் சடங்கு. நிற்க இடமில்லை. அக்காவின் அம்மா வயலின் பெட்டியை என் கையில் தந்திருந்தார். தலைவர் கிட்ட வந்தார்.

"தம்பி, அதைத் திறந்து தலைமாட்டிலை வையும். படம் எடுக்கவேணும்."

"விளக்கு எரியுது, அண்ணை. ஆட்டுக்குடல். தீட்டு."

பெட்டியை நான் திறக்கவில்லை.

போய் வாருங்கள், அக்கா. நேற்று உங்கள் சனம் முழுக்க வந்திருந்தது. உங்களுக்காக வாய்விட்டு அழுதது. உங்களைத்தான் ஒருநாளும் அழவிடவில்லை.