தேசி மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். எனக்கில்லை... என் அத்தை மகன் செல்வத்துக்கு.

செல்வம் கட்டாரில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை செய்கிறான். ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். அங்கே அவன் ரூமில் ஐந்து பேர். ஒருவர் லாகூர், ஒருவர் டாக்கா, ஒருவர் நேபாளம், ஒருவர் கேரளா, பிறகு இலங்கை மலைநாட்டு ஹட்டனிலிருந்து போன நம்ம செல்வம். ஐவருக்கும் சேர்த்து ஒரே பெயர் — 'தேசி'. கடல் தாண்டிய பிறகு நம் பக்கத்து நாடுகளின் ஆட்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

"அங்க யாரும் நீ என்ன ஆளுன்னு நோண்ட மாட்டாங்க மச்சான். பருப்பும் சோறும் தின்னா தேசி. முடிஞ்சிச்சு."

இங்கே முடியுமா? சம்பந்தம் பேச உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்பதுதான். தாத்தாவுக்குத் தாத்தா கப்பலேறிய ஊர்! அந்த ஊர்மேல் யாருக்கு என்ன அக்கறை? ஊரைப் பிடித்தால் சாதியைப் பிடித்துவிடலாம். நேராகக் கேட்க வெட்கம்... கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

செல்வத்துக்கு ஏற்கெனவே இரண்டு இடங்கள் இந்தக் கேள்வியில்தான் தட்டிப்போயின. இந்த முறை யார் கேட்டாலும் ஊரைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டான். இத்தனைக்கும் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாலு மாதமாக அவன் போனில் அவள் படம்தான்.

திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலாவது வீடு. பெண் கவிதா, முன்பள்ளி டீச்சர். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பாவிடமிருந்து வந்தது கேள்வி.

"மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"நான் தேசிங்க மாமா."

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் அப்பா தலையைச் சொறிந்தார்.

"அது திருச்சிக்கு அங்கிட்டா, இங்கிட்டா?"

நான் வாத்தியார். சும்மா இருப்பேனா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் வேறு. தெற்காசியா, புலம்பெயர்வு, அடையாளம் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப பாகிஸ்தான்காரனும் நாங்களும் ஒன்னுங்கிறீங்க?" என்றார்.

"ஒரே பாத்ரூம்தானுங்க மாமா," என்றான் செல்வம். "முறை போட்டுக் கழுவுவோம். எனக்கு ஞாயிறும் வியாழனும்."

குசினி வாசலிலிருந்து கவிதாவின் குரல். "சமையலும் முறைதானா?"

"ஆமாங்க. செவ்வாயும் வெள்ளியும் நான்தான்."

"துணி?"

"அவனவன் துணியை அவனவன்தான்."

உள்ளே கிசுகிசு. பிறகு அவள் அம்மா வெளியே வந்து, "புள்ளைக்குச் சம்மதமாம்," என்றார்.

அட! கால் மணி நேரம் நான் விளக்கியும் ஏறாதது, ரெண்டே வரியில் ஏறிவிட்டது பார்த்தீர்களா? 'தேசி' என்றால் என்னவென்று அன்று அந்த வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டது கவிதா ஒருத்திதான்.

அவள் அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்," என்றார். செல்வத்தின் முகம் தொங்கிவிட்டது. மூன்றாவது இடமும் போச்சா?

கிளம்பினோம். படிக்கட்டுவரை வந்த அவர் என் தோளில் கைபோட்டு, ரொம்பச் சாதாரணமாக, "மாஸ்டருக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எங்க ரெண்டு குடும்பமும் துறையூர்ப் பக்கம்ங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நாங்க முசிறி! பக்கத்து ஊர்க்காரங்களா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? தையிலேயே வச்சிரலாம்!"

அவரும் முசிறியைப் பார்த்ததில்லையாம்.

பஸ்ஸில் செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணம் நிச்சயமான சந்தோஷம் ஒரு பக்கம். சத்தியத்தை நான் போட்டு உடைத்த கோபம் மறுபக்கம். தலவாக்கலை வந்ததும்தான் வாயைத் திறந்தான்.

"ஏன் மச்சான், இதுக்கா கெம்பஸ் போன?"

அவன் தேசியாகிவிட்டான். நான்தான் இன்னும் துறையூரைத் தாண்டவில்லை... அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது!