கரமனை ஆற்றில் கொடியசைத்தவர்கள்

கரமனை அக்ரஹாரத்தில் சாம்பசிவனைப் போன்ற அவசரக்காரனை நான் பார்த்ததில்லை. நாம் பாதி சொல்வதற்குள் மீதியை அவனே சொல்லிவிடுவான். பெரும்பாலும் தப்பாகச் சொல்வான். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தபோது மனுக்களின் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டே சுருக்கம் எழுதுவானாம். எல்லா மனுவும் ஒரே மாதிரி இருந்ததால் பிழைத்தான்.

யுத்தம் மும்முரமாயிருந்த நாற்பத்திரண்டில், கப்பற்படை ரிசர்வில் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தான். நேர்முகம், கண் பரிசோதனை எல்லாம் தாண்டி, பம்பாயில் பயிற்சி. நட்சத்திரத்தை வைத்துக் கப்பலின் இடத்தைக் கணிப்பதில் அவன்தான் முதல் மார்க்கு. கயிற்று முடிச்சு, பீரங்கி, படகு எல்லாவற்றிலும் தேறினான். கொடியசைப்பில் கவிழ்ந்தான். தூரத்தில் ஒருவர் இரண்டு கொடிகளைப் பிடித்து ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகக் காட்டுவார். பார்த்துப் படிக்க வேண்டும். இவன் பாதியிலேயே முடிவுகட்டி, "கப்பல் தெரிகிறது" என்பதைக் "கப்பல் மூழ்கிவிட்டது" என்று எழுதி வைத்தான்.

மூன்று வாரம் லீவில் போய்விட்டு வந்து மறுபடி பரீட்சை கொடுக்கச் சொன்னார்கள். அதிலும் கோட்டை விட்டால் அதிகாரி வேலை கிடையாது, பழைய நாற்காலிதான்.

ஊரில் அவனுக்குக் கொடி காட்ட ஆள் இல்லை. வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவள் அவன் மனைவி சூடாமணி மட்டும்தான். கல்யாணமாகி ஐந்து மாதம். ஆனால் பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவன் தன் அம்மா சுப்புலக்ஷ்மியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அம்மா ஒரு வழி சொன்னாள்.

"அவ ஆத்தங்கரைல பெண்கள் குளிக்கற கடவுல நிக்கட்டும், நீ அக்கரைக்குப் போ. பேசப்படாது. துணிய மாத்திரம் வீசிக்கோங்கோ."

அக்கரையில் பம்பாய்க் கொடிகளோடு அவன். இக்கரையில், மாமியாரின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து இரண்டு குச்சியில் கட்டிக்கொண்டு சூடாமணி. பின்னால் காவலுக்கு மாமியார். முதல் இரண்டு நாள், அவன் கொண்டுவந்த பயிற்சிப் புஸ்தகத்தைப் பார்த்து அதிலுள்ள வாக்கியங்களையே காட்டினாள். அவன் வழக்கம்போல் பாதியில் ஊகித்து, தப்பாகத் திருப்பிக் காட்டினான். மூன்றாம் நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. புஸ்தகத்தை மூடிவிட்டு, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் காட்டினாள்: நேற்று அம்மா வைத்த சாம்பாரில் உப்பு கூடுதல், ஏன் சொல்லவில்லை?

இதை யாரால் ஊகிக்க முடியும்? கடைசி எழுத்துவரை காத்திருந்து படித்தவன், விழுந்து விழுந்து சிரித்தான். என்ன சிரிப்பு என்று மாமியார் கேட்டதற்கு, கப்பல் தெரிகிறதாம் என்றாள் மருமகள்.

அப்புறம் அந்தப் புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை. வலியசாலையில் தன் பிறந்த வீட்டுச் சேதி, அவன் மீசை தனக்குப் பிடிக்காதது, இடியென்றால் பயம் என்று எல்லாம் ஆற்றைக் கடந்து போயின. ஐந்து மாதத்தில் பேசாததைப் பத்து நாளில் பேசினார்கள். அடுத்து என்ன சொல்வாளோ என்ற ஆசையில் அவன் ஊகிப்பதையே விட்டுவிட்டான். கடைசி நாள், "தோற்றால்" என்று ஆரம்பித்தாள். அழுவேன் என்பாள் என்று அவனுக்குத் தோன்றியது, தோன்றினாலும் காத்திருந்தான். தோற்றால் வீட்டோடு இருப்பீர்கள், அதுவும் சந்தோஷந்தான் என்று வந்தது. பிற்பாடு சூடாமணி இதைச் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. அவனுக்குக் கேட்கவா வேண்டும்.

பம்பாயில் ஓர் எழுத்துத் தப்பாமல் படித்தான். பாஸ் என்று தந்தி வந்தது. பாயசம் கிண்டிக்கொண்டிருந்த மருமகளைச் சுப்புலக்ஷ்மி அடுக்களையில் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கப்பல் தெரியறதுன்னியே, அது என் சாம்பார்தானே? பிறந்ததுலேர்ந்து போட்டதைத் தின்னுட்டுப் போறவன், அன்னிக்குத்தான் முதல் தடவையா, முந்தின நாள் சாம்பார்ல உப்பு கூடன்னான்."

சூடாமணிக்குக் கரண்டி நின்றுவிட்டது.

"சரி, கிண்டு, அடிபிடிக்கும். அடுத்த லீவுக்கு அவன் அக்கரைக்குப் போகண்டாம். இங்கேயே உக்காந்து பேசிக்கோங்கோ. கிழிக்கறதுக்கு எங்கிட்ட இன்னொரு புடவை இல்லை."