டீச்சர் வரும் நாளில் எரிந்த அடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலம். தென்காசிக்கும் இலத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் குடியிருந்தோம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் என்றால் கொண்டாட்டம். பீடி சுற்றிப் பிழைக்கிற எங்களுக்கோ அது எமன். சுற்றி வைத்த பீடி நமத்துப் போகும். நமத்ததைப் பீடிக் கடையில் சரிபார்த்து வாங்குகிற செக்கர் இரக்கமில்லாமல் கழித்துப் போடுவார். அடிக்கடி கழிவு விழுந்தால், இலையும் தூளும் வாங்குகிற கார்டையே வாங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அதற்காகவே தெருவில் எல்லார் வீட்டிலும் அடுப்புக்கு மேலே ஒரு கம்பித் தட்டு தொங்கும். சோறு பொங்குகிற சூட்டிலேயே பீடிக்கட்டும் காய்ந்துவிடும். புகை அது பாட்டுக்கு வீடு முழுக்கச் சுற்றும். என் இரண்டாவது மகள் அப்போது கைக்குழந்தை. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இழுப்பு. மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய் வரும். பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வருஷம் கோடையில், மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். என்னைவிடச் சின்னவள்தான். ஆனால் படித்த பெண் யாராக இருந்தாலும் எங்கள் ஊரில் டீச்சர்தான். அடுப்புப் புகை பெண்களையும் பிள்ளைகளையும் என்ன செய்கிறது, புகையில்லா அடுப்பு வைத்தால் இருமலும் இழுப்பும் குறைகிறதா, இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தெருவில் சில வீடுகளுக்குக் குழாய் வைத்த மண் அடுப்பைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தாள். குழந்தைக்கு இழுப்பு என்பதால் எங்கள் வீட்டுக்கும் ஒன்று கிடைத்தது. சாரலில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொய் சொல்லக் கூடாது, அந்த அடுப்பு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் புகையே இல்லை. மகள் இழுப்பில்லாமல் தூங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

ஆனி பிறந்தது, சாரலும் பிடித்தது. புகையோடு சூடும் குழாய் வழியாக வெளியே போய்விட்டதால் தட்டில் வைத்த பீடி காயவே இல்லை. கட்டுக் கட்டாகக் கழிவு விழுந்தது. இன்னும் ஒரு தடவை இப்படிக் கொண்டுவந்தால் கார்டு இருக்காது என்று செக்கர் சொல்லிவிட்டார். மகளுக்குத் தென்காசியில் மருந்து வாங்குவதே அந்தப் பீடிக் காசில்தான். என் வீட்டுக்காரரிடம் காசுக்குப் போய் நின்றால், போன வாரம்தானே வாங்கினாய் என்பார். வேறு வழி தெரியாமல் பழைய மூன்று கல்லையே மூலையில் கூட்டினேன். அடுப்பு வாங்கிய மற்ற வீடுகளிலும் இதே கதைதான். மகளுக்கு இழுப்பும் திரும்பி வந்தது.

அவளிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்களுக்கு அது வராது. தன் கையால் மண் குழைத்துக் கொடுத்த பெண் அவள். "வந்த பிள்ள மொகம் வாடும்படியா ஒண்ணும் சொல்லிராதட்டி" என்று மாமியார் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முதல் வீட்டு மதினி கொல்லைச் சுவர் வழியாகக் குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், எல்லார் வீட்டிலும் கல்லடுப்பு விறகுக்குப் பின்னால் போனது. தட்டு இறங்கியது. கரி பிடித்த சுவரில் சாக்கைத் தொங்கவிட்டோம். மண்ணெண்ணெய் ஊற்றிப் புது அடுப்பைப் பற்ற வைத்தோம். கல்யாண வீடு தோற்றது. வீடு வீடாக அவள் கேட்க, வீடு வீடாக ரொம்ப நல்லா இருக்கு டீச்சர் என்றார்கள்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் அதையே சொன்னேன். மடியில் மகள் இழுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எரிகிற அடுப்பைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். முகம் தொங்கிப் போனது.

புகை போன பிறகும் இப்படி இழுக்கிறது, மற்ற வீடுகளிலும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அப்படியானால் புகை காரணமே இல்லை, தான் நினைத்ததுதான் தப்பு என்றாள். இந்த அடுப்பால் பிரயோஜனம் இல்லை என்றுதான் கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தைக்கு இதயத்தில் ஏதும் கோளாறு இருக்கலாம், உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார்.

எந்தப் புகை என் மகளை இழுக்க வைக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

"டீச்சர், இந்த அடுப்பு இன்னைக்குத்தான் எரியுது. நீங்க வருதீங்கன்னு பத்த வச்சோம்."

மாமியார் என் தொடையில் கிள்ளினார். நான் எழுந்துபோய்ச் சாக்கை விலக்கிக் காட்டினேன், தட்டைக் காட்டினேன், செக்கர் சொன்னதைச் சொன்னேன். "கார்டு போச்சுன்னா இவளுக்கு மருந்து வாங்க நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சமையல் தவிர இந்த அடுப்பு உங்களுக்கு வேற எதுக்கெல்லாம் வேணும்னு நான் கேக்கவே இல்லையே அக்கா" என்றாள். பிறகு எழுந்து மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை பின்னாலேயே நானும் போனேன். ஒரு வீட்டில் உண்மை வந்த பிறகு மற்ற வீடுகளிலும் வாய் திறந்தது.

பத்து நாள் கழித்து ஒரு கொத்தனாரோடு வந்தாள். குழாய் திரும்புகிற இடத்தில் தகரத்தால் ஒரு மேடை வைத்து, அதன்மேல் தட்டு உட்காரும்படி செய்தார்கள். முன்போலச் சட்டென்று காயாது, ஆனால் காய்ந்தது. என் கார்டு தப்பியது. இரண்டு வீடுகளில் குழாய் அடைத்துக்கொள்ள, அவர்கள் பழையபடி கல்லுக்கே போய்விட்டார்கள். புகையிலைத் தூளும் குழந்தைக்கு ஆகாது, தள்ளி வையுங்கள் என்றும் சொன்னாள். இருந்ததே ஒரே அறை, எங்கே தள்ளுவது? ஆனாலும் மகளுக்கு இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. டீச்சருக்குப் பட்டம் கிடைத்ததா என்று தெரியாது. கிடைத்திருக்க வேண்டும்.

அந்த மகள் இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். போனில் எப்போது கேட்டாலும், "நல்லா இருக்கேம்மா" என்பாள். மற்றவர் முகம் வாடாமல் இருக்க நாங்கள் எப்படியெல்லாம் நன்றாக இருப்போம் என்பது எனக்குத் தெரியும், அதனால் நான் இரண்டாவது தடவையும் கேட்கிறேன்.